கம்பி கட்டிய போல்ட்

— யாரு இதுல கம்பி கட்டினது?

— எதுல தம்பி?

— ஆயில் போல்ட்டுல அண்ணி. இஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கிற சட்டி இருக்குல்ல, அதோட அடி போல்ட்டு. பழைய ஆயிலை இறக்கக் கழட்டுவோமே, அது. அது தலையைச் சுத்திக் கம்பி போட்டு, கொண்டுபோய் மேல இருக்கிற சட்டத்துல முடிச்சுப் போட்டிருக்கான். மாடு அவுத்துக்கிட்டு ஓடிடும்னு கட்டின மாதிரி.

— விழாம இருக்கட்டும்னு கட்டியிருப்பாங்க.

— விழாம இருக்கத்தானே திருகு வெட்டி மரைன்னு ஒண்ணு வெச்சிருக்கு... லைட்டைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. நான் இறங்கி நிக்கிற பள்ளத்து ஓரத்துல நிக்காதீங்க, வழுக்கும். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து பிடிங்க.

— பிடிச்சிருக்கேன். நீங்க வேலையைப் பாருங்க.

— அட... கம்பியை அவுத்தா உள்ள இன்னொரு கூத்து. வெள்ளை டேப். தண்ணிக் குழாய்க்குச் சுத்துவாங்களே, அது. அதுக்கு மேல பசை வேற. என்ன அண்ணி இது, காருக்குப் பண்ணானா, குளியலறைக் குழாய்க்குப் பண்ணானா?

— சிரிக்காதீங்க தம்பி.

— சிரிக்காம? இருபது வருஷமா இந்தப் பள்ளத்துல நிக்கிறேன். இப்படி ஒரு ஜோடனையைப் பார்த்ததில்ல. யாரு பண்ணது?

— தெரிஞ்சவர் ஒருத்தர். போன ஞாயித்துக்கிழமை.

— மெக்கானிக்கா?

— அப்படின்னு நம்பித்தான் குடுத்தேன்.

— நம்புனீங்க... சரிதான். என்கிட்ட வர்றதுக்கு உங்களுக்கு அஞ்சு வருஷம். எவனையோ நம்பறதுக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை.

— வந்துட்டேன்ல.

— வராம? வாசல் பூரா ஆயில் சொட்டினா யாரா இருந்தாலும் வந்துதான் ஆகணும். வேற கடை எதுவும் திறக்கலியோ என்னவோ.

— திறந்திருந்துச்சு. மூணு கடையைத் தாண்டித்தான் வந்தேன்.

— ம்... சரி. போல்ட்டைக் கழட்டறேன். தட்டு கீழ இருக்கா... இருக்கு. பாருங்க, சுத்திக்கிட்டே இருக்கு, வெளிய வர மாட்டேங்குது. பிடிப்பே இல்ல. இழுத்தா கையோட வருது. இந்தாங்க, பிடிச்சுப் பாருங்க.

— இது என்ன, போல்ட்டுல சுருள் சுருளா வெள்ளிக் கம்பி மாதிரி சுத்தியிருக்கு?

— கம்பி இல்ல அண்ணி. அதுதான் சட்டியோட மரை. போல்ட்டு இரும்பு, சட்டி அலுமினியம். ரெண்டும் மல்லுக்கு நின்னா அலுமினியம்தான் உரிஞ்சு வரும். அளவுக்கு மேல இறுக்கியிருக்கான். கை பலத்துல இது நடக்காது. ஸ்பேனருக்குப் பின்னாடி நீளமா ஒரு பைப்பைச் சொருகி, அதுல தொங்கியிருக்கான்.

— பைப் போட்டாங்கன்னு எப்படித் தெரியும்?

— தெரியும். வாஷரைப் பாருங்க, அப்பளமா நசுங்கியிருக்கு. போல்ட்டுத் தலையோட ஓரமெல்லாம் மழுங்கிப் போச்சு. ஒரு மெக்கானிக் கை இதெல்லாம் பண்ணாது. பயந்தவன் கைதான் பண்ணும்.

— பயந்தவன் கை...

— பின்ன? விழுந்துடுமோன்னு பயம் இருந்தாத்தானே டேப்பு, பசை, கம்பி எல்லாம். வேலை தெரியலன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே? இந்த மாதிரி ஆளுங்க கையில ஸ்பேனரைக் குடுக்கிறதே பாவம்.

— ஒரு நிமிஷம் தம்பி, போன் அடிக்குது... சொல்லுங்க. ம்... அடைச்சிட்டுத்தான் போனீங்க. ரெண்டு தடவை திருகிப் பார்த்தீங்க, நான் பக்கத்துலதானே நின்னேன். உங்க போன்லயே இருக்கு பாருங்க, எட்டரைக்கு எடுத்த போட்டோ. திருகு குறுக்க இருக்கா? அப்போ அடைச்சிருக்குன்னுதானே அர்த்தம்... நான் வெளிய வந்திருக்கேன். காய் வாங்க. ம், வெக்கிறேன்.

— அண்ணனா?

— ம்.

— என்ன போட்டோ?

— கேஸ் அடுப்புத் திருகு. அது ஒண்ணு, வாசல் பூட்டு ஒண்ணு, தண்ணி மோட்டார் சுவிட்சு ஒண்ணு. தினமும் வேலைக்குக் கிளம்பறப்ப மூணு போட்டோ. அப்புறம் பத்து மணிக்கு மேல எனக்குப் போன் வரும். போட்டோ இருந்தாலும் வரும்.

— எப்பலேருந்து?

— நல்லாத் தெரியும் உங்களுக்கு, எப்பலேருந்துன்னு.

— ...லைட்டைக் கீழ இறக்குங்க. கண்ணுல அடிக்குது.

— இப்போ என்ன பண்ணப் போறீங்க?

— பழைய மரை முடிஞ்சுது. அந்த ஓட்டையையே கொஞ்சம் பெருசாக்கிப் புதுசா மரை வெட்டணும். அதுக்குள்ள ஒரு எஃகுச் சுருள் ஏத்திடுவேன். அந்தச் சுருளுக்குள்ள பழைய அளவு போல்ட்டே உக்காந்துக்கும். முன்ன இருந்ததை விட உறுதியா இருக்கும்.

— சட்டியைக் கழட்ட வேண்டாமா?

— கழட்டினா ரெண்டு நாள் ஆகும். கிரீஸைத் தடவிக்கிட்டு வெட்டினா துகள் அதுலயே ஒட்டிக்கும். முடிச்சிட்டு மேல கொஞ்சம் ஆயில் ஊத்தி அலம்பி விடுவேன். பயப்படாதீங்க, எனக்கும் வேலை தெரியும்.

— தெரியாதுன்னு நான் சொன்னேனா?

— நீங்க சொல்லல. வர்றவன் போறவன் சொல்லுவான். அண்ணன் கடையை விட்டுப் போய் அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னிக்கும் வாசல்ல வண்டியை நிறுத்திட்டுத் தலையை நீட்டி ‘பெரியவர் இல்லையா?’ன்னுதான் கேக்கிறான். நான் பள்ளத்துக்குள்ளேருந்து எட்டிப் பார்த்து இல்லன்னு சொன்னா, முகம் அப்படியே தொங்கிப் போகுது. ‘சரி, நீங்களே பாருங்க’ம்பான். நீங்களே பாருங்களாம்.

— அதுல உங்களுக்கு என்ன வருத்தம்? அண்ணனைத்தானே கேக்கிறாங்க.

— வருத்தமெல்லாம் இல்ல... அந்த நீல டப்பாவை எடுங்க. அது இல்ல, பக்கத்துல இருக்கிறது. ஆங்.

— அவருக்கு ஒரு வேலை வந்திருக்கு தம்பி.

— யாருக்கு, அண்ணனுக்கா? அதான் ஜெராக்ஸ் கடையில உக்காந்திருக்காரே.

— அங்க ஒரே தாளை நாலு தடவை எண்ணறாராம். வரிசையில நிக்கிறவங்க கத்துறாங்களாம். இது வேற. பள்ளிக்கூட பஸ் எல்லாம் ஒரே இடத்துல நிறுத்திப் பராமரிக்கிறாங்கல்ல, அங்க பழைய பழக்கக்காரர் ஒருத்தர் பொறுப்புல இருக்காரு. இருபது பஸ்ஸு. இவர்தான் வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

— நல்லதாப் போச்சு. போகச் சொல்லுங்க.

— போக மாட்டேங்குறாரு. பிள்ளைங்க ஏறற வண்டி, என் கையை நம்பி அனுப்பாதேங்கிறாரு. ‘நான் ஒண்ணை மாட்டினா அது விழும்’னு சொல்றாரு. சோத்துல கை வெச்சுக்கிட்டே சொல்றாரு. எனக்கு அந்தச் சோறு இறங்குமா?

— அந்த கிரீஸ் டப்பாவை இப்படித் தள்ளுங்க.

— நீங்க ஒரு வார்த்தை சொன்னா போவாரு.

— நான் என்ன சொல்றது? அவரு என்னிக்கு என் பேச்சைக் கேட்டாரு?

— ஒரே ஒரு தடவை கேட்டாரு. அதனாலதான் இந்த நிலைமையில இருக்காரு.

— அண்ணி, வேலை நடக்கிறப்ப பழசைக் கிளறாதீங்க. டேப் ஒடிஞ்சுடும்.

— டேப்பை ஏற்கெனவே பிச்சுப் போட்டீங்களே?

— அந்த டேப் இல்ல. இது மரை வெட்டற கருவி. நேரா இறங்கணும், ஒரு நூல் சாஞ்சாலும் எல்லாம் போச்சு. அரைச் சுத்து முன்னாடி, கால் சுத்து பின்னாடி. நடுவுல யாராவது பேசினா கை ஆடும்.

— சரி, பேசல.

— அரைச் சுத்து... கால் சுத்து... என்ன, அமைதியாயிட்டீங்க?

— பேசாதேன்னீங்களே.

— மரையைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். வேற எதுவும் வேண்டாம்.

— மரையைப் பத்தித்தான் கேக்கிறேன். இது அதிகமா இறுக்கினதால போச்சு. வேற எப்படியெல்லாம் போகும்?

— கோணலா ஏத்தினாலும் போகும். அவசரத்துல போல்ட்டை நேரா வைக்காம ஸ்பேனரைப் போட்டா, அது மரை மேல மரை ஏறிக் குறுக்கால வெட்டிக்கிட்டுப் போகும். பாதியிலயே கெட்டியா நின்னுடும். கட்டினவன் இறுகிப் போச்சுன்னு நினைச்சுக்குவான். ஆனா உள்ள பிடிமானம் இருக்காது. ஓட ஓட ஆடி ஆடி...

— விழும்.

— ...ஒரு நாள் விழும்.

— அஞ்சு வருஷம் முந்தி டீச்சர் கார்ல விழுந்த மாதிரி.

— அண்ணி.

— மரையைப் பத்தித்தானே கேக்கிறேன். அந்தக் கார்ல எப்படிப் போயிருந்துச்சு? இறுக்கினதா, கோணலா?

— அதெல்லாம் யாரு பார்த்தா? ஆயில் பூரா ஒழுகிப் பாலத்து மேல இஞ்சின் பிடிச்சு நின்னுபோச்சு, பின்னாடி வந்தவன் இடிச்சான், டீச்சருக்குக் கை ஒடிஞ்சுது. இழுத்துக்கிட்டு வந்த வண்டியில மரையையா பார்த்துக்கிட்டிருப்போம்?

— சட்டியை மாத்தினது நீங்கதானே?

— நான்தான் மாத்தினேன். அவரு அன்னிக்கு எங்க இங்க இருந்தாரு, ஆஸ்பத்திரியில டீச்சர் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்திருந்தாரு. நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்.

— பழைய சட்டியை அவர்கிட்ட காட்டுனீங்களா?

— எதுக்குக் காட்டணும்? பழைய இரும்புக்காரன் வந்தான், போட்டாச்சு.

— அன்னிக்கேவா?

— அன்னிக்கே. நீங்க என்ன, போலீஸ் வேலைக்குச் சேர்ந்துட்டீங்களா?

— நான் அதுக்கு முந்தின வாரத்தைப் பத்தியே யோசிச்சுக்கிட்டிருக்கேன் தம்பி. டீச்சர் வண்டிக்கு ஆயில் மாத்தின நாளை. அன்னிக்கு எங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்துட்டான்னு நான்தான் இங்க போன் பண்ணேன். ஆயிலை இறக்கி விட்டிருக்கேன், வடியுதுன்னு சொன்னாரு. அப்படியே விட்டுட்டு அஞ்சாவது நிமிஷம் அங்க நின்னாரு. சட்டை பூரா அழுக்கு. கையைக்கூடத் துடைக்கல.

— சரி, அதனால?

— ஆயில் வடியறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

— கால் மணி, இருபது நிமிஷம்.

— அப்போ அஞ்சு நிமிஷத்துல போல்ட்டை எப்படி மாட்டியிருப்பாரு?

— திரும்பி வந்து மாட்டினாரு. சர்வீஸ் கார்டுல கையெழுத்தே அவரு போட்டதுதான்.

— புது ஆயிலை ஊத்தினேன், கையெழுத்துப் போட்டேன், அது ஞாபகம் இருக்குங்கிறாரு. போல்ட்டை மாட்டினது மட்டும் ஞாபகம் இல்லையாம். அஞ்சு வருஷமா தலையைப் பிடிச்சுக்கிட்டு யோசிக்கிறாரு. ‘தம்பி பார்த்திருக்கான், நான் மாட்டினதை அவன் பார்த்திருக்கான், எனக்குத்தான் புத்தி மழுங்கிப் போச்சு’ன்னு சொல்றாரு.

— பார்த்தேன். பார்த்ததைத்தான் சொன்னேன். இப்போ என்ன, என்னைக் குத்தம் சொல்லத்தான் வந்தீங்களா? ஆயில் சொட்டுதுன்னு வந்தீங்கன்னு நினைச்சேன்.

— ஆயிலும்தான் சொட்டுது.

— அண்ணனைப் போன்னு நான் சொல்லல. சாவியை இந்த மேசையில வெச்சிட்டு, தானா இறங்கிப் போனாரு. நான் தடுத்தேன். அக்கம்பக்கத்துல கேட்டுப் பாருங்க.

— தடுத்தீங்க. வாசல் வரைக்கும் வந்தீங்களாம். அதுக்கு மேல வரலியாம்.

— அவரு சொன்னாரா?

— அவரு உங்களைப் பத்தி ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல. அதுதான் எனக்கு வயிறு எரியுது.

— ...அந்தச் சுருளைக் குடுங்க. சின்னக் காகிதத்துல சுத்தியிருக்கும். ஆங்... இப்போ இதைத் திருகி ஏத்தணும். ஏறினதும் நுனியில ஒரு சின்ன நாக்கு நிக்கும், அதைத் தட்டி ஒடிச்சிடணும். பார்த்தீங்களா? முடிஞ்சுது. புது வாஷர், புது போல்ட்டு. இனி உங்க காரு விழுந்தாலும் இது விழாது.

— கையாலேயா திருகறீங்க? ஸ்பேனர் போடலியா?

— முதல்ல விரல்தான். மூணு சுத்து விரலால போகணும், அப்போதான் நேரா போகுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஸ்பேனர், அதையும் ரெண்டு விரலால பிடிச்சு. வாஷர் கடிச்சதும் கொஞ்சூண்டு. அவ்வளவுதான். அண்ணன் வழக்கம் அது. அண்ணன் கட்டின போல்ட்டைக் கழட்டறப்ப ‘டிக்’குன்னு ஒரு சின்னச் சத்தம் வரும், வெண்ணெய் மாதிரி வந்துடும். இந்த மாதிரி பைப்பு, பசை, கம்பி... எவன் அண்ணி அவன்? பேரைச் சொல்லுங்க. நானே போய் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வர்றேன். மெக்கானிக்னு சொல்லிக்கிட்டுத் திரியறான்.

— சொல்லட்டுமா?

— சொல்லுங்க. அவன் கையை ஒடிக்கணும்.

— உங்க அண்ணன். ஆயிலை ஊத்துங்க தம்பி. ஏன் நின்னுட்டீங்க?

— சும்மா விளையாடாதீங்க.

— விளையாட்டா? இந்த வயசுல உங்களோட எனக்கென்ன விளையாட்டு?

— அண்ணன் பைப் போட மாட்டாரு. அண்ணி, அண்ணனோட பதினஞ்சு வருஷம் இந்தப் பள்ளத்துக்குள்ள நின்னவன் நான். ஜென்மத்துல அந்தாளு பைப்பைத் தொட்டதில்ல. நான் தொட்டாலே திட்டுவாரு. இது அண்ணன் கை இல்ல. சத்தியமா இல்ல.

— நான்தான் கட்டாயப்படுத்தினேன். பஸ் வேலைக்கு முன்னாடி நம்ம வண்டியிலயே ஒரு தடவை பண்ணிப் பாருங்க, உங்க கை உங்களுக்கே தெரிஞ்சுடும்னு சொன்னேன். பரண்ல இருந்து பெட்டியை நானே இறக்கி வெச்சேன். அஞ்சு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் ஸ்பேனரைத் தொட்டாரு. ஆயிலை இறக்கினாரு. போல்ட்டை மாட்டினாரு, விரலால மூணு சுத்து, நீங்க சொன்ன மாதிரியேதான். ரெண்டு விரலால இறுக்கினாரு. எழுந்து வந்து கை கழுவினாரு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், காபி போட உள்ள போனேன். திரும்பி வந்து பார்த்தா மறுபடியும் வண்டிக்கு அடியில. இறுக்கினேனான்னு தெரியல, இன்னும் கொஞ்சம் இறுக்கறேங்கிறாரு. வெளிய வந்தாரு, மறுபடி போனாரு. ஏழு தடவை. வாசல்ல துணி காயப்போடற கொடிக்கம்பியைத் தாங்கற குழாயைப் பிடுங்கி ஸ்பேனர்ல சொருகினாரு. பிடிச்சு இழுத்தேன், உதறிட்டாரு. விழும், விழுந்துடும், நான் மாட்டினா விழும்னு சொல்லிக்கிட்டே... அது உள்ள ‘கரக்’குன்னு சத்தம் போட்டுச்சு. அதுக்கப்புறம்தான் டேப்பு. அப்புறம் பசை. அப்புறம் அந்தக் கம்பி. நீங்க சிரிச்சீங்களே, மாடு கட்டின மாதிரின்னு, அந்தக் கம்பியைக் கட்டறப்ப என் புருஷன் அழுதாரு தம்பி.

— ...போதும் அண்ணி.

— நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது. வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போய் எங்கேயாவது குப்பையில போடுன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிருக்காரு. நான் உங்களைத் திட்ட வரல. திட்டறதா இருந்தா அஞ்சு வருஷம் முந்தியே வந்திருப்பேன். இப்போ சொன்னீங்களே, அண்ணன் கை பைப் போடாதுன்னு, சத்தியம் பண்ணி. நீங்க பைப்பைத் தொட்டா அண்ணன் திட்டுவாருன்னும் சொன்னீங்க. அப்போ அன்னிக்கு டீச்சர் வண்டியில அந்த போல்ட்டைக் கோணலா ஏத்தி, பைப் போட்டு நெட்டித் தள்ளினது யாரு கை? இப்போ சொல்லுங்க. போலீஸுக்கு வேண்டாம், டீச்சருக்கு வேண்டாம். திங்கக்கிழமைக்குள்ள அவர் ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்.

— நான்தான் அண்ணி. ஆயில் வடிஞ்சு முடிஞ்சதும் நான்தான் ஏத்தினேன், அண்ணன் வந்தப்ப எல்லாம் மாட்டியிருந்துச்சு... பாலத்துல நடந்துச்சே, அன்னிக்குச் சாயந்திரம் இந்த இடத்துல நின்னு, ‘நான் மாட்டின மாதிரியே ஞாபகம் இல்லியேடா, நீ ஏதாவது பார்த்தியா?’ன்னு கேட்டாரு. குழந்தை மாதிரி கேட்டாரு. நான் அவரு தோள்ல தட்டி, ‘உனக்கு வயசாயிடுச்சுண்ணா, நீ மாட்டினதை நான் பார்த்தேனே’ன்னு சொல்லிட்டு... சிரிச்சேன்.